அரண்டவன் கண்ணும் சட்டத்தின் கண்ணும்: தற்காப்பு உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்தில் ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். இவ்வளவு பெரிய வீட்டில் பல நாள் இருப்பது ஓர் ஆச்சி மட்டும்தான். அவரும் இல்லாத வீட்டில் காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கும். மற்றவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ராத்திரி ஓட்டின்மேல் சத்தம் கேட்டால் என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம் என்று இங்கே கேட்காத ஆள் இல்லை. அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். வழக்கு என்று வந்துவிட்டால் காகிதங்களைப் பார்த்து உங்கள் வக்கீல் சொல்வதையே கேளுங்கள்.

தற்காப்புக்கு என்று சட்டம் இருக்கிறதா? எங்கே இருக்கிறது?

இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. எண் மாறியிருக்கிறதே தவிர சரக்கு பெரும்பாலும் அதேதான். அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லும்.

தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமே ஆகாது என்று 34-ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. உங்கள் உடம்பைக் காக்கலாம், அடுத்தவர் உடம்பையும் காக்கலாம். திருட்டு, வழிப்பறி, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து உங்கள் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கலாம். பக்கத்து வீட்டு ஆச்சியின் அலறல் கேட்டு ஓடிப்போகிறவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. “நமக்கெதுக்கு வம்பு” என்று சட்டத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

“நியாயமான அச்சம்” இருந்தால் போதும் என்கிறார்கள். யாருடைய கண்ணுக்கு நியாயம்?

தற்காப்பு வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் நிற்கும், விழும்.

உடம்புக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை தொடங்குகிறது என்கிறது 40-ஆம் பிரிவு. அடி விழுந்திருக்க வேண்டியதில்லை, முயற்சியோ மிரட்டலோ போதும். அந்த அச்சம் இருக்கும்வரை உரிமையும் இருக்கும், அது போனால் உரிமையும் போகும். எனவே நீதிபதி உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த ஆளின் நிலையில் நின்ற ஒருவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பார்க்கிறார். 70 வயது ஆச்சிக்கு இருட்டில் தெரிவது வேறு, 25 வயது இளைஞனுக்குத் தெரிவது வேறு. மின்சாரம் போன ராத்திரி, கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத தெரு, எதிரே நிற்பவனோடு ஏற்கெனவே இருக்கும் பகை, அவன் கையில் இருந்த பொருள், அவன் வாயிலிருந்து வந்த சொல் எல்லாம் கணக்கில் சேரும்.

ஆனால் “எனக்குப் பயமாக இருந்தது” என்று சொன்னால் மட்டும் போதாது. பயத்துக்குக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் பிறருக்கும் விளங்க வேண்டும். சிலருக்கு அறிமுகமில்லாத முகம் என்றாலே பயம். வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன் விலாசம் கேட்டு முகப்பில் ஏறினால் அது அச்சத்துக்குக் காரணம் ஆகாது. ஒருவரின் சாதி, மொழி, உடை பார்த்து வரும் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. இருக்கவும் கூடாது என்பது என் கருத்து.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1952-இல் அம்ஜத் கான் வழக்கில் சொன்ன தீர்ப்பை இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் கலவரம். கூட்டம் ஒரு கட்டடத்தின் ஒரு பகுதியைச் சூறையாடியது. அடுத்த பகுதியில் குடும்பத்தோடு இருந்தவரின் கதவைத் தடியால் அடித்தது. அவர் சுட்டார், ஒருவர் இறந்தார். கீழ்க் கோர்ட்டுகள் தண்டித்தன. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கதவு உடைந்து உள்ளே வந்து வெட்டும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த மாதிரி நேரத்து முடிவைத் தங்கத் தராசில் வைத்து எடை போடக் கூடாது என்றது. தேவகோட்டை கோர்ட்டில் தற்காப்பு வாதம் வைக்கும் வக்கீல் எவரும் அந்தத் தங்கத் தராசை விடமாட்டார்.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் பணம் கேட்ட நான்கு இளைஞர்களை பெர்னார்ட் கெட்ஸ் என்பவர் சுட்டார். அவர் முன்பு ஒருமுறை வழிப்பறிக்கு ஆளானவர். அவருக்கு உண்மையாகவே பயம் இருந்தது என்றால் போதுமா, நியாயமான மனிதருக்கும் அந்தப் பயம் வந்திருக்க வேண்டுமா என்பது கேள்வி. நியாயமான மனிதரின் அளவுகோல்தான் என்று 1986-இல் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவருடைய முன் அனுபவத்தையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றது. கடைசியில் 1987-இல் ஜூரி அவரைச் சுட்ட குற்றத்திலிருந்து விடுவித்து, உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் குற்றவாளி என்றது. அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கை முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே ஜூரி கிடையாது, நீதிபதிதான்.

தவறாகப் புரிந்துகொண்டு அடித்துவிட்டால்? வந்தது திருடனே இல்லை என்று பிறகு தெரிந்தால்?

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று நாம் சிரிப்பதற்குச் சொல்கிறோம். ஒரு கோர்ட்டில் இது நிஜமாகவே வழக்காக வந்தது.

1958 மே மாதம், ஒடிசாவின் பாலசோர் மாவட்டம். கைவிடப்பட்ட விமான தளம் ஒன்று. அங்கே பேய் உலவுகிறது என்று சுற்று வட்டாரமே நம்பியது. பழைய இரும்பு வாங்க வந்த ஒருவருடன் நேபாளத்து வேலைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ராத்திரி ஒரு விளக்கு அசைவது தெரிந்தது. அதைச் சுற்றி உருவங்கள் ஆடுவதுபோல இருந்தது. அவர் தன் குக்ரிக் கத்தியோடு பாய்ந்து வெட்டினார். அவை பேய்கள் அல்ல. அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப்பூப் பொறுக்க வந்த ஆதிவாசிப் பெண்கள். ஒருவர் இறந்தார், மேலும் சிலருக்குப் பலத்த காயம். கவனமாகப் பார்த்திருந்தால் மனிதர்கள் என்று தெரிந்திருக்கும் என்று அரசுத் தரப்பு வாதாடியது. ஒடிசா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டு, நல்லெண்ணத்தோடு செய்தார் என்று கீழ்க் கோர்ட் விடுவித்ததை உறுதி செய்தது.

இப்போது இதற்கான பிரிவு 17. ஆனால் எச்சரிக்கையாக வாசியுங்கள். நல்லெண்ணம் என்றால் தக்க கவனத்தோடு செய்வது என்று சட்டமே சொல்லிவிட்டது. 1958-இல் அந்தப் பாழடைந்த இடத்தில் கிடைத்த சலுகை இன்று காரைக்குடியில், தெருவிளக்கும் கையில் போனும் இருக்கும்போது அப்படியே கிடைக்கும் என்று நான் எண்ணமாட்டேன். வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) நிழல் தெரிந்தால் “யாரது” என்று ஒரு சத்தம் போடுவதற்கும் விளக்கைத் தட்டுவதற்கும் நேரம் இருந்ததா என்று கட்டாயம் கேட்பார்கள். ராத்திரி பஸ்ஸில் இறங்கிச் சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாக வரும் பேரன்மார்கள் இந்தப் பகுதியில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நீட்டியது பொம்மைத் துப்பாக்கி என்றாலும் இதே கணக்குதான். அந்த நேரத்தில் நிஜத் துப்பாக்கி போலத் தெரிந்ததா என்பதுதான் விஷயம்.

ராத்திரி ஓட்டைப் பிரித்து முற்றத்தில் குதித்தவனைக் கொன்றுவிட்டால்கூடக் குற்றமில்லையாமே?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

சொத்தைக் காக்க மரணம் வரை போகலாம் என்று 41-ஆம் பிரிவு சில சந்தர்ப்பங்களில் அனுமதிக்கிறது. வழிப்பறி, சூரியன் மறைந்து உதிக்கும்வரை வீட்டை உடைத்து நுழைவது, மனிதர் குடியிருக்கும் அல்லது சொத்து வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வைக்கும் விதத்தில் நடக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல். பூட்டை உடைத்தால்தான் “உடைத்து நுழைவது” என்பதில்லை. சுவரேறிக் குதிப்பது, ஆள் நுழைவதற்கென்று வைக்காத வழியில் நுழைவது எல்லாம் அதில் அடங்கும். நம் வீடுகளின் திறந்த முற்றத்தில் ஓட்டின் வழியே இறங்குகிறவன் இதற்குள் வருவான்.

இனி மறு பாதி. இந்த உரிமைகள் அனைத்தும் 37-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை. தேவைக்கு மேல் ஊறு செய்யக் கூடாது என்கிறது அது. மூன்றாம் கட்டில் வெண்கல அண்டாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒல்லிப் பையனை நான்கு பேர் மடக்கிவிட்டார்கள், அவன் கையில் எதுவும் இல்லை, அழுகிறான். அவன் தலையில் உலக்கையைப் போட்டால் “ராத்திரி நேரம், வீட்டுக்குள் வந்தான்” என்ற வாதம் காப்பாற்றாது. அதே பையன் அரிவாளோடு ஆச்சி படுத்திருக்கும் அறைப் பக்கம் திரும்பினால் கதை வேறு. பகலில் வெறும் திருட்டு என்றால் உயிரை எடுக்கும் அளவுக்கு உரிமையே இல்லை. தேக்குத் தூணும் தஞ்சாவூர்ப் படமும் எத்தனை லட்சம் பெறும் என்பது இந்தக் கணக்கில் சேராது.

தப்பி ஓடுகிறவனைத் துரத்தி அடிக்கலாமா?

துரத்திப் பிடிக்கலாம், பொருளை மீட்கலாம். திருடிய பொருளோடு அவன் தப்பிப் போய்விடும்வரை அல்லது பொருள் கைக்கு வரும்வரை அல்லது போலீஸ் உதவி கிடைக்கும்வரை சொத்தைக் காக்கும் உரிமை தொடரும். முதுகு காட்டி ஓடுகிறவனின் பின்மண்டையில் அரிவாள் விழுந்தால் அது தற்காப்பு ஆகாது. ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதைச் சொல்லிவிட்டது. அது நிலத்தகராறு. எதிராளிகள் ஓடத் தொடங்கி ஆபத்து நீங்கிய பிறகு, தூரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களைச் சுட்டதை ஏற்கவில்லை. கோபம் தணிய நேரமாகும். உரிமை அதற்காகக் காத்திருக்காது.

பிடித்தவனை என்ன செய்வது? தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் செய்தவனைப் பொதுமக்களே பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதிக்காமல், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. தெருக்கம்பத்தில் கட்டி வைத்து ஆளுக்கு நாலு போடுவதும், அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே தயாரிப்பது.

அவன் கையில் கம்பு. என் கையில் கிடைத்தது அரிவாள். அளவு மீறியதாகாதா?

ஆயுதத்துக்கு ஆயுதம் சமமாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. தேவ் நாராயண் வழக்கைப் பாருங்கள். தடியால் தாக்கியவரை அவர் ஈட்டியால் குத்திவிட்டார். குத்தியவருக்கு விழுந்தது லேசான அடிதானே என்றது உயர் நீதிமன்றம். தலையைக் குறிவைக்கும் தடி உயிரை வாங்கும், அடுத்த அடி எப்படி விழும் என்று யாரும் அளந்து பார்த்துத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

பார்ப்பது என்னவென்றால், எந்த இடத்தில் அடித்தீர்கள், எத்தனை முறை, அவன் விழுந்த பிறகும் அடித்தீர்களா. முதல் வெட்டுக்குத் தற்காப்பு பேசலாம். விழுந்து கிடப்பவன் மேல் விழும் ஆறாவது வெட்டுக்கு என்ன பேசுவது? பிரேதப் பரிசோதனை அறிக்கை எண்ணிக்கையைச் சொல்லிவிடும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எலும்போ பல்லோ முறிந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம்தான். எனவே “கொடுங்காயம் வருமென்று அஞ்சினேன்” என்பதற்குக் கை வெட்டுப்படும் நிலை வர வேண்டியதில்லை. ஓங்கிய இரும்புக் கம்பி போதும்.

ஓட வழியிருந்தால் ஓடித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. கோழைபோல் ஓடு என்று நம் சட்டம் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றமும் பல தீர்ப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறது. தர்ஷன் சிங் வழக்கில் 2010-இல் தற்காப்பு விதிகளைப் பத்து அம்சங்களாகத் தொகுத்தபோதும் இந்தப் போக்கையே பின்பற்றியது. ஆனால் போலீஸ் போன்ற அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் உரிமை கிடையாது என்று 37 சொல்கிறது. நாளைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று இன்று காலையில் ஒருவன் சொல்லிவிட்டுப் போனால், நீங்களும் ஆள் சேர்த்து வைப்பது தற்காப்பு அல்ல. ஸ்டேஷனுக்குப் போக ஒரு பகல் முழுக்க இருந்ததே என்று கேட்பார்கள்.

வாயால் திட்டினாலோ போனில் மிரட்டினாலோ அடிக்கலாமா?

கூடாது. புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பதிவை அழிக்காதீர்கள். பிறகு அவன் நேரில் வந்தால் உங்கள் அச்சம் ஏன் நியாயமானது என்பதற்கு அந்தப் பழைய மிரட்டலே நல்ல சாட்சி.

பூட்டிக் கிடக்கும் வீடு. சுவரில் மின்சாரக் கம்பி போட்டு வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ போனில் யோசனை சொல்லும் மகன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பீகாரில் ஒருவர் தன் கழிப்பறையைப் பக்கத்து வீட்டார் பயன்படுத்துகிறார்கள் என்று போகும் வழியில் மின்சாரம் பாயும் வெறும் செப்புக் கம்பியைக் கட்டிவிட்டார். எச்சரிக்கைப் பலகை எதுவுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோனார். செருபின் கிரகரி வழக்கு என்று இதற்குப் பெயர், 1963-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அத்துமீறி வந்தவர் என்பதால் அவர் உயிருக்குச் சட்டம் பாதுகாப்பு தராமல் போகாது, உயிரை எடுக்கும் பொறியை வைக்க உரிமையாளருக்கு உரிமை இல்லை என்றது.

காரணம் நேரடியானது. தற்காப்பு என்பது எதிரே இருக்கும் ஆபத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. கம்பிக்குக் கண் கிடையாது. திருடன் யார், பந்து எடுக்க வந்த சிறுவன் யார் என்று அதற்குத் தெரியாது. இன்றைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. அதற்கும் மேலான பிரிவில் வழக்குப் போட போலீஸ் யோசிக்காது. கேமரா வையுங்கள், சத்தம் போடும் அலாரம் வையுங்கள், விளக்குப் போடுங்கள், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுங்கள்.

பங்காளி பூட்டை உடைத்து உள்ளே வருகிறார். அவரைத் தள்ளி வெளியேற்றலாமா? காவலுக்கு வைத்தவர் காலி செய்ய மறுக்கிறார், அவரை?

நகரத்தார் வீடு ஒன்றுக்குப் பத்துப் பங்காளிகள், இருபது பங்காளிகள் இருப்பது சாதாரணம். கூட்டுச் சொத்தில் பங்குள்ளவருக்கு அனுபவிக்கும் உரிமையும் உண்டு. தன் பங்கு அறையைத் திறக்க வந்தவரைத் திருடன் என்று அடிக்க முடியாது. இந்தச் சண்டைகள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியவை. அடிதடியாகி கிரிமினல் கோர்ட்டுக்கு வந்தால் இரண்டு தரப்புமே தோற்ற மாதிரிதான்.

காலி செய்ய மறுப்பவர் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் நிலை தெளிவு. 1967-இல் முன்ஷி ராம் வழக்கிலும் 1975-இல் பூரண் சிங் வழக்கிலும் இதைச் சொல்லியது. நேற்று ராத்திரி உள்ளே புகுந்தவரை நிலத்தின் சொந்தக்காரர் தேவையான அளவு பலத்தோடு வெளியேற்றலாம். சொந்தக்காரருக்குத் தெரிந்து பல காலம் நிலையாக இருந்துவிட்டவரை, அவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும். ஆட்களோடு போய் அவர் சாமான்களைத் திண்ணையில் தூக்கிப் போட்டால் தற்காப்பு உரிமை அவர் பக்கம் போய்விடும். பலருக்கு இது கசக்கும், தெரியும்.

சண்டை நடக்கும் என்று தெரிந்தே போய், அங்கே அடி விழுந்ததால் திருப்பி அடித்தேன். இது தற்காப்புதானே?

வம்பை விலைக்கு வாங்கப் போனவருக்கு இந்த உரிமை இல்லை. 1970-இல் உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் சந்தையில் ஒரு கூடை முலாம்பழத்தில் தொடங்கியது ராம் ஸ்வரூப் வழக்கு. ஒரு கூடை கேட்டார், அது வேறொருவருக்கு விற்றாயிற்று என்றார்கள். வாய்ச்சண்டை. கோபத்தோடு வீட்டுக்குப் போனவர் மகன்களையும் ஆயுதங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். சுட்டதில் ஒருவர் இறந்தார். தாக்குவதற்கென்றே கிளம்பி வந்தவர்கள் தற்காப்பு பேச முடியாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மஞ்சுவிரட்டுத் திடலிலும் கோயில் முதல் மரியாதைத் தகராறிலும் தொடங்கி, ராத்திரி ஊருக்குள் ஆள் கூட்டிப் போய் முடியும் வழக்குகளுக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

பைக்கில் வந்து கழுத்துச் சங்கிலியை அறுக்கிறார்கள். தள்ளிவிட்டால் விழுந்து செத்துப் போனால்?

அறுக்கும் அந்தக் கணத்தில் கழுத்தை நெரிப்பது, இழுத்துத் தரையில் போடுவது எல்லாம் நடந்தால் அது வழிப்பறி. அப்போது தட்டிவிட்டது, உதைத்தது பெரும்பாலும் உரிமைக்குள் வரும். சங்கிலி போய்விட்டது, பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது, நீங்கள் காரில் துரத்திப் போய் மோதிச் சாய்த்தீர்கள் என்றால் கேள்விகள் கடினமாகும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-க்குப் போடுவது மேல்.

பெண்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

தனிச் சட்டம் என்று இல்லை, ஆனால் 38-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மரணம் விளைவிக்கும் அளவுக்கு உடம்பைக் காக்கலாம் என்று அது சொல்லும் சந்தர்ப்பங்களில் பாலியல் வன்புணர்வு நோக்கத்தோடு வரும் தாக்குதல், கடத்திப் போகும் நோக்கத்தோடு வரும் தாக்குதல், ஆசிட் வீச்சு, வீச முயல்வது எல்லாம் உண்டு. ஆசிட் விவகாரம் 2013-இல்தான் சேர்ந்தது. தாக்குகிறவன் கணவனாகவோ சொந்தக்காரனாகவோ இருப்பதால் உரிமை குறைவதில்லை.

2012-இல் மதுரையில் மகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்கக் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, பழைய சட்டத்தின் 100-ஆம் பிரிவைச் சொல்லிப் போலீஸே விடுவித்தது. அன்று அது பெரிய செய்தி. எல்லா வழக்கும் ஸ்டேஷனிலேயே முடியும் என்று இதை வைத்து நம்ப வேண்டாம். கைது, ஜாமீன், விசாரணை என்று போய்க் கோர்ட்டில்தான் பெரும்பாலும் முடியும். மிளகாய்ப் பொடியோ அரிவாள்மனையோ கையில் எது கிடைத்ததோ, அதற்காக அவமானப்பட ஒன்றுமில்லை.

கோர்ட் அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்), போலீஸ், கடன் வசூலிக்க வருபவர் வந்தால்?

அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு தன் பதவியின் பேரில் செய்யும் செயலில் சிறு சட்டப் பிசகு இருந்தாலும் எதிர்த்து அடிக்க உரிமை இல்லை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் வந்தால் மட்டும் விதிவிலக்கு. அவர் அரசு ஊழியர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவோ, நம்பக் காரணம் இருக்கவோ வேண்டும். ஒருவருடைய உத்தரவின் பேரில் வந்ததாகச் சொன்னால் எழுத்து உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தனியார் நிதி நிறுவனத்துக்காக வசூலிக்க வருகிறவர் அரசு ஊழியர் அல்ல. அவர் கதவை உதைத்தால் சாதாரண அத்துமீறல்தான்.

மனநிலை சரியில்லாதவர், குடிபோதையில் இருப்பவர், சிறுவன் தாக்கினால்?

அவருக்குத் தண்டனை கிடையாது என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. 36-ஆம் பிரிவு.

கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. கொலைக் குற்றமாகிவிடுமா?

தற்காப்பு உரிமை இருந்து, நல்லெண்ணத்தோடு, முன்கூட்டிய திட்டமில்லாமல், தேவைக்கு மேல் ஊறு செய்யும் எண்ணமில்லாமல் எல்லை தாண்டியிருந்தால் அது கொலை அல்ல, கொலையாகாத மரணம். 101-ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு இது. தண்டனை 105-இல் இருக்கிறது. நோக்கம் இருந்தால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை. குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 103-இன் கீழ் வரும் தூக்கு அல்லது ஆயுளோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தற்காப்பு என்று நிரூபிக்க வேண்டியது யார்?

நீங்கள்தான். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 108-ஆம் பிரிவு. ஆனால் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதுபோல நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே காட்டலாம். முதலிலேயே வாதமாகச் சொல்லாவிட்டாலும் சாட்சியங்களில் தெரிந்தால் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் முன்ஷி ராம் வழக்கில் சொன்னார்கள்.

நடந்து முடிந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். 108. உதவி செய்தது உங்களுக்குச் சாதகமான சாட்சி, தவிர அது மனிதர் செய்ய வேண்டியது. பிறகு 112 அல்லது 100. போலீஸுக்கு முதலில் தகவல் சொன்னவர் நீங்கள் என்பது பதிவாகட்டும். இடத்தைக் கழுவிவிடாதீர்கள். ஆச்சிமார்கள் பதற்றத்தில் ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். ஆத்தங்குடித் தரை ஓட்டில் கறை பிடித்தால் பிடிக்கட்டும். ரத்தம் இருந்த இடம்தான் அவன் எங்கே நின்றான், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று சொல்லும்.

உங்களுக்குக் காயம் இருந்தால், கீறலானாலும் சரி, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அவர்கள் சொல்லும் கதையையே சந்தேகிக்கலாம் என்று 1976-இல் லக்ஷ்மி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்குக் காயம் காகிதத்தில் இருக்க வேண்டும். கிழிந்த சட்டை, உடைந்த தாழ்ப்பாள், பிரிந்த ஓடு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கேமரா பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள், அதற்கான மின்னணுச் சான்றிதழ் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

எதிர்த் தரப்பும் புகார் கொடுக்கும். வழக்கும் எதிர்வழக்கும் பதிவாவது இங்கே வழக்கம்தான், மிரள வேண்டாம். உங்கள் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பொன்னமராவதிப் பக்கத்தவர்கள் புதுக்கோட்டை ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும்.